சி மொழியில் பாயின்டர் வகை பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையைக் காஸ்ட் போட்டு நீக்கலாமா?

கேட்டவரின் நிலைமை இது: கெட்லைன் ஃபங்ஷனைக் கொண்டு ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்கிறார். (பாயின்டர் என்பது நினைவகத்தின் ஒரு முகவரி. காஸ்ட் என்பது ஒரு மதிப்பை வேறு வகையாக எடுத்துக்கொள்ளும்படி கம்பைலருக்குச் சொல்வது.) படித்த வரியை வைக்கும் இடத்தின் அளவைக் குறித்துக்கொள்ள, முழு எண்ணுக்கான இன்ட் வகையில் ஒரு மாறியை அறிவித்து, அதன் முகவரியை இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்திருக்கிறார். பாயின்டர் வகை பொருந்தவில்லை என்று ஜிசிசி கம்பைலர் எச்சரித்தது. கெட்லைன் எதிர்பார்க்கும், அளவுகளுக்கான சைஸ்-டி வகையின் பாயின்டராகக் காஸ்ட் செய்ததும் எச்சரிக்கை போய்விட்டது, நிரலும் ஓடுகிறது. பிறகென்ன தவறு என்கிறார்.

இதே தவறை, இதே ஃபங்ஷனில், நானும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் இன்ட் மதிப்பைத் தசம எண்ணுக்கான டபுளாகக் காஸ்ட் செய்தால் அந்த மதிப்பு உண்மையிலேயே வேறு வடிவத்துக்கு மாறுகிறது. பாயின்டரைக் காஸ்ட் செய்யும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. முகவரி அதேதான், அங்கே கிடக்கும் பைட்டுகளும் அவையேதான். "அங்கே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், நீ பேசாமல் இரு" என்று கம்பைலரிடம் சொல்கிறோம், அவ்வளவுதான். அதுவும் நம்பிப் பேசாமல் இருந்துவிடுகிறது.

64 பிட் லினக்ஸில் இன்ட் 4 பைட், சைஸ்-டி 8 பைட். நீங்கள் கொடுத்த முகவரியில் 8 பைட் இருப்பதாக எண்ணித்தான் கெட்லைன் படிக்கும், எழுதும். மீதி 4 பைட் பக்கத்தில் எந்த மாறி குடியிருக்கிறதோ அதனுடையது.

என் நிரலில் பக்கத்தில் இருந்தது வரிகளை எண்ணும் மாறி. ஜிலிப்சி நூலகத்தின் கெட்லைன், முதல் அழைப்பில் 120 பைட் இடம் ஒதுக்கி, அந்த 120ஐ நாம் கொடுத்த முகவரியில் எழுதி வைக்கிறது. அப்போது என் எண்ணி 0. அதன்மேல் போய் விழுந்ததும் 0 என்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. முதல் வரி முடிந்து எண்ணி 1 ஆனது. அடுத்த அழைப்பில் அதே 8 பைட்டையும் சேர்த்துப் படித்தபோது கெட்லைனுக்குக் கிடைத்த அளவு 4294967416. கையில் 4 ஜிபி இடம் இருப்பதாக அது நம்பிவிட்டது! சின்ன வரிகள் வரும்வரை எல்லாம் சுமுகம். நீளமான வரி வந்தபோது, இடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றே அதற்குத் தோன்றவில்லை. ஒதுக்கிய 120 பைட்டைத் தாண்டி எழுதிக்கொண்டே போயிற்று. நிரல் விழுந்ததோ அங்கே அல்ல, வெகுதூரம் தள்ளி, நினைவகத்தைத் திருப்பித் தரும், சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீ அழைப்பில்.

மாறிகளைப் பார்க்கலாம் என்று ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தால் கோளாறு மறைந்துவிடும், எடுத்தால் திரும்ப வரும். மாறிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது கம்பைலரின் விருப்பம். பழைய 32 பிட் கணினி ஒன்றில் பழுதே இல்லை, ஏனென்றால் அங்கே இரண்டு வகையும் 4 பைட். இப்படி இரண்டு நாள் போனது. கடைசியில் காரணத்தைப் பிழை தேடும் கருவியான டீபக்கர் காட்டவில்லை. சலித்துப்போய் எல்லாக் காஸ்ட்டுகளையும் அழித்துவிட்டுக் கம்பைல் செய்தேன். முதல் எச்சரிக்கையே அந்த வரியைத்தான் காட்டியது.

இரு பரிமாண அரேயிலும் இந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். மூன்று வரிசை, நான்கு நெடுவரிசை கொண்ட இன்ட் அரேயை, இரட்டைப் பாயின்டர் (பாயின்டரைச் சுட்டும் பாயின்டர்) எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்குக் காஸ்ட் செய்து அனுப்புவார்கள். அரேயில் 12 எண்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, பாயின்டர் என்று ஒன்றுகூட இல்லை. ஃபங்ஷனோ முதல் இரண்டு எண்களை ஒட்டவைத்து அதையே முகவரியாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். அங்கே வேண்டியது, நான்கு இன்ட் கொண்ட அரேயைச் சுட்டும் பாயின்டர்.

நினைவகம் ஒதுக்கும் மல்லாக்கின் முன்னால் காஸ்ட் போடுவது சி++இலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அது தருவது எந்த வகையும் குறிக்காத வாய்ட் பாயின்டர்; சி-இல் அதற்குக் காஸ்ட் தேவையில்லை.

இவ்வளவு ஆபத்தானதை ஏன் வெறும் எச்சரிக்கையோடு விட்டார்கள் என்று கேட்கலாம். சி-க்கு மூலமான பி மொழியில் வகைகளே கிடையாது. சி வளர்ந்த பிடிபி-11 கணினியில் இன்ட்டும் பாயின்டரும் ஒரே 16 பிட். அப்போது பழகிய தாராளம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2024இல் வந்த ஜிசிசி 14தான் இந்தப் பொருந்தாத பாயின்டர் எச்சரிக்கையை இயல்பாகவே பிழையாக்கியது. உங்களுக்கு எச்சரிக்கையாக வந்திருப்பதைப் பார்த்தால் அதற்கு முந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். மாற்றம் நல்லதுதான். ஆனால் பிழையைத் தாண்டிப் போகும் அவசரத்தில் இன்னும் அதிகமானோர் காஸ்ட் போடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு.

பாயின்டர் காஸ்ட்டே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு ஸ்ட்ரக்சரின் பைட்டுகளை அன்சைன்டு கேரக்டர் பாயின்டர் வழியாகப் பார்ப்பது முறையானதே. ஃப்ளோட் என்ற தசம எண் மாறியின் முகவரியை இன்ட் பாயின்டராகக் காஸ்ட் செய்து அதன் பிட்டுகளைப் படிப்பது அப்படியல்ல. மெம்காப்பி கொண்டு நகலெடுப்பதே அதற்குச் சரியான வழி.

உங்கள் நிரலில் செய்ய வேண்டியது சின்ன மாற்றம்தான். அந்த மாறியை சைஸ்-டி என்று அறிவித்து 0 கொடுங்கள், வரிக்கான பாயின்டருக்கு நல் என்ற வெற்று மதிப்பைக் கொடுங்கள், காஸ்ட்டை எடுத்துவிடுங்கள். பிறகு அந்த அளவை எங்காவது பிரின்ட்எஃப்பில் அச்சிடுகிறீர்கள் என்றால், வடிவக் குறிகளைச் சோதிக்கும் எச்சரிக்கை இன்னொன்று வரக்கூடும். சதவீதக் குறிக்குப் பின் டி என்று இருப்பதை இஸட்-யு என்று மாற்றிவிடுங்கள்.