ஓப்பன்எல்டாப் சர்வர் மெதுவாக இருக்கிறது, டேட்டாபேஸ் கேஷை இன்னும் எவ்வளவு ஏற்றலாம்?

கேட்டவர் சொன்ன நிலவரம் இது: ஓப்பன்எல்டாப் (பயனர், குழு விவரங்களை ஒரே இடத்தில் வைத்து லாகினுக்கு வழங்கும் எல்டாப் சர்வர்) 2.4, எச்டிபி பேக்எண்ட் (தரவைச் சேமிக்கும் பகுதி), சுமார் 40,000 என்ட்ரிகள் (ஒவ்வொரு பயனர், குழு போன்றவற்றுக்கும் உள்ள பதிவுகள்). காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும்போது சர்வர் திணறுகிறது. டிபி கான்ஃபிக் கோப்பில் கேஷை 256 எம்பி ஆக்கியும் மாற்றமில்லை. இன்னும் ஏற்றலாமா?

வேண்டாம். 40,000 என்ட்ரிகள் இன்றைய சர்வர் ரேமில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அதெல்லாம் ஏற்கெனவே நினைவகத்தில்தான் இருக்கும். சந்தேகமாக இருந்தால் திணறல் நேரத்தில் டாப் கமாண்டைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் சும்மா இருந்து சிபியு மட்டும் எகிறிக்கிடந்தால், கேஷை எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனமில்லை. எல்டாப் நிர்வாகம் செய்யத் தொடங்கியதிலிருந்து நான் பார்த்த 'மெதுவான' சர்வர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். சர்வர் டிஸ்க்குக்காகக் காத்திருக்கவில்லை, தேவையில்லாத என்ட்ரிகளைப் படித்துக்கொண்டிருக்கிறது.

எந்தத் தேடல் அப்படிப் படிக்கவைக்கிறது என்பதை லாக்தான் சொல்லும். லாக் லெவலை ஸ்டேட்ஸ், அதாவது 256, என்று வைத்து ஒரு காலை நேரம் முழுவதும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு தேடலுக்கும் அதன் ஃபில்டர் (தேடல் நிபந்தனை) ஒரு வரியிலும், எத்தனை என்ட்ரி கிடைத்தது என்பது இன்னொரு வரியிலும் வரும். இடையிடையே 'நாட் இண்டெக்ஸ்ட்' என்று முடியும் வரிகளும் வரலாம். அவற்றில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆட்ரிபியூட் (என்ட்ரியில் உள்ள புலம்) பெயர்களை எண்ணி, அதிகம் வருவதை மேலே வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த 'நாட் இண்டெக்ஸ்ட்' வரியின் அர்த்தம் என்ன? சர்வர் முதலில் இண்டெக்ஸைப் பார்த்து, பொருந்தக்கூடிய என்ட்ரிகளின் எண்களைத் திரட்டும். பிறகு அந்த என்ட்ரிகளை மட்டும் படித்து ஃபில்டரோடு ஒப்பிடும். இண்டெக்ஸ் இல்லாவிட்டால் அந்தக் கிளையில் உள்ள எல்லா என்ட்ரிகளுமே வேட்பாளர்கள்தான். ஒருவர் லாகின் செய்தால், அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று எஸ்எஸ்எஸ்டி (லினக்ஸ் கணினியில் லாகினைக் கவனிக்கும் சேவை) கேட்கும். உங்கள் அமைப்பைப் பொறுத்து அது மெம்பர்யூஐடி அல்லது மெம்பர் ஆட்ரிபியூட்டில் தேடும். அதற்கு இண்டெக்ஸ் இல்லையென்றால், நாலு குழுக்களைக் கண்டுபிடிக்க 40,000 என்ட்ரிகளையும் புரட்ட வேண்டும். காலையில் 300 பேர் சேர்ந்தாற்போல் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே யூஐடி, யூஐடிநம்பர், ஜிஐடிநம்பர், மெம்பர்யூஐடி, மெம்பர் ஆகியவற்றுக்கு ஈக்வாலிட்டி இண்டெக்ஸ் (முழு மதிப்பும் அப்படியே பொருந்தும் தேடலுக்கானது) போடுங்கள். ஆப்ஜெக்ட்கிளாஸுக்கும் அதே இண்டெக்ஸ் கட்டாயம் வேண்டும். ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வருக்கு நகலெடுப்பது) ஓடுகிறது என்றால் என்ட்ரிசிஎஸ்என், என்ட்ரியூயூஐடி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டும் விட்டுப்போன இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணில் பட்ட ஆட்ரிபியூட்டுக்கெல்லாம் ஈக்வாலிட்டி, பிரசன்ஸ் (ஆட்ரிபியூட் இருக்கிறதா என்று பார்ப்பது), சப்ஸ்ட்ரிங் (பகுதிச் சொல் தேடலுக்கானது) என்று மூன்று வகை இண்டெக்ஸும் போடுவது வேறொரு வியாதி. ஆப்ஜெக்ட்கிளாஸுக்கு பிரசன்ஸ் இண்டெக்ஸ் எதற்கு? அது இல்லாத என்ட்ரியே கிடையாதே. சப்ஸ்ட்ரிங் இண்டெக்ஸ் இன்னும் செலவானது. ஒரு பெயரைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சாவி எழுதும். அப்படியும் எல்லாத் தேடலுக்கும் உதவாது. நடுவில் வரும் எழுத்துகளைத் தேடும்போது அது பயன்படுத்தும் துண்டின் நீளம், மாற்றாமல் விட்டால், 4. இருபுறமும் நட்சத்திரம் போட்டு நடுவில் மூன்றே எழுத்து கொடுத்துத் தேடும் முகவரிப் புத்தக மென்பொருளுக்கு அந்த இண்டெக்ஸால் எந்த லாபமும் இல்லை. முடிந்தால் அந்த மென்பொருளை முன்னெழுத்துத் தேடலுக்கு மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்று சொன்னால், லிமிட்ஸ் அமைப்பில் 'அன்செக்டு' என்றொரு வரம்பு இருக்கிறது. அதை அந்த மென்பொருளின் கணக்குக்கு மட்டும் போட்டுவிட்டால், வேட்பாளர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டும் தேடலை சர்வர் அப்படியே மறுத்துவிடும். அதைப் பயன்படுத்துபவர்களிடமிருந்து தொலைபேசி வரும். அப்போது பேசிக்கொள்ளலாம்.

இண்டெக்ஸ் வரியை எழுதிவிட்டால் மட்டும் போதாது. பழைய பாணி கான்ஃபிக் கோப்பு வைத்திருந்தால், சர்வரை நிறுத்திவிட்டு ஸ்லாப்இண்டெக்ஸ் என்ற கமாண்டை ஓட்டி இண்டெக்ஸைக் கட்ட வேண்டும். அதையும் சர்வர் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராகவே ஓட்டுங்கள். டெபியனில் அது ஓப்பன்எல்டாப் என்ற பயனர். ரூட்டாக ஓட்டினால் புதிய கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகி, சர்வர் எழ மறுக்கலாம். சிஎன் கான்ஃபிக் (ஓடும் சர்வருக்குள்ளேயே இருக்கும் அமைப்பு) வழியாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை, சர்வர் ஓடியபடியே பின்னணியில் இண்டெக்ஸ் கட்டிக்கொள்ளும்.

சரி, இனி பேக்எண்டுக்கு வருவோம். எச்டிபியில் மூன்று கேஷ்கள்: அதற்கு அடியில் இருக்கும் டேட்டாபேஸான பெர்க்லி டிபியின் சொந்தக் கேஷ், என்ட்ரி கேஷ், ஐடிஎல் கேஷ் (இண்டெக்ஸ் தரும் என்ட்ரி எண்களின் பட்டியலுக்கானது). மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைப்பதே ஒரு தனிக் கலையாக இருந்தது. அந்தத் தலைவலி தாங்காமல்தான் ஓப்பன்எல்டாப்பின் தலைமை வடிவமைப்பாளர் ஹோவர்ட் சூ எல்எம்டிபி என்ற டேட்டாபேஸை எழுதினார். அதன் மேல் அமைந்த எம்டிபி பேக்எண்ட் 2011இல் வந்தது. 2021இல் வெளியான 2.5 பதிப்பில் பெர்க்லி டிபியை நம்பிய பிடிபி, எச்டிபி பேக்எண்ட்கள் இரண்டையும் எடுத்தே விட்டார்கள். எல்எம்டிபி டேட்டாபேஸ் கோப்பை நேரடியாக நினைவகத்தில் மேப் செய்துகொள்கிறது. எதை ரேமில் வைத்துக்கொள்வது என்பதை லினக்ஸே பார்த்துக்கொள்ளும். நீங்கள் திருக வேண்டிய கேஷ் எதுவுமே அங்கே இல்லை.

நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரே ஓர் எண், மேக்ஸ்சைஸ், அதாவது டேட்டாபேஸின் உச்ச அளவு. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அது வெறும் 10 எம்பி. டெபியன் நிறுவும்போது 1 ஜிபி போட்டுக்கொடுக்கும். அது நிரம்பினால் எழுதும் வேலைகள் மட்டும் தோல்வியடையும், வாசிப்பு வழக்கம்போல் நடக்கும். அதனால் கடவுச்சொல்லை மாற்ற முடியவில்லை என்று யாராவது வந்து சொல்லும்வரை விஷயம் வெளியே தெரியாது. 64 பிட் கணினியில் இது முகவரி வெளியை ஒதுக்குவது மட்டும்தான், ரைட்மேப் விருப்பத்தைத் தொடாதவரை கோப்பு தேவைக்கேற்பத்தான் வளரும். எனவே கஞ்சத்தனம் வேண்டாம், எதிர்பார்க்கும் அளவைப்போல் பல மடங்கு கொடுத்துவிடுங்கள். எம்டிபி ஸ்டாட் கருவியை அவ்வப்போது ஓட்டினால் எத்தனை பக்கங்கள் செலவாகியிருக்கின்றன என்று தெரியும்.

எழுதுவது என்றதும் இன்னொன்று. எல்எம்டிபியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும், ஒவ்வொரு எழுதும் வேலையும் டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் முடியும். லாகின் என்பது வெறும் வாசிப்புதானே என்று தோன்றும். ஆனால் கடைசி லாகின் நேரத்தைக் குறிக்கும் வசதியை ஆன் செய்திருந்தால் ஒவ்வொரு லாகினும் ஓர் எழுதும் வேலை ஆகிவிடும். பாஸ்வேர்ட் பாலிசியும் தவறிய முயற்சிகளை எழுதிவைக்கும். பழைய கடவுச்சொல்லோடு ஏதோ ஒரு பிரிண்டர் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். கடைசி லாகின் நேரம் நொடி சுத்தமாக வேண்டியதில்லை என்றால், புதிய பதிப்புகளில் அதன் துல்லியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இதைத் தவிர்க்க சிங்க்கையே (டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பதை) அணைத்துவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். மின்சாரம் போனால் டேட்டாபேஸும் போகக்கூடும். நான் உண்மையான சர்வரில் செய்யமாட்டேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இன்றைக்கே இண்டெக்ஸை சரி செய்யுங்கள், அப்புறம் நிதானமாக 2.6க்கு மாறுங்கள். புதிய பதிப்பின் லாக்கில் ஒவ்வொரு தேடலும் வரிசையில் காத்திருந்த நேரம், முடிய எடுத்த நேரம் இரண்டும் தனித்தனியாக வரும் என்பதால் அடுத்த முறை இவ்வளவு ஊகிக்க வேண்டியிருக்காது. மாறுவதற்கு முன் ஸ்லாப்கேட் (தரவு முழுவதையும் உரைக் கோப்பாக எடுக்கும் கமாண்ட்) எடுத்துவிடுங்கள், பழைய சர்வர் மென்பொருள் அங்கே இருக்கும்போதே. 2.5 முதலான பதிப்புகளால் எச்டிபி கோப்புகளைத் திறக்கவே முடியாது. திரும்ப ஏற்றும்போது ஸ்லாப்ஆட் கமாண்டோடு க்யூ என்ற விருப்பத்தைச் சேருங்கள். அது சில சோதனைகளை விட்டுவிட்டு வேகமாக ஏற்றும். நடுவில் நின்றுபோனால் அந்தக் கோப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.