பெயர் எழுதிய செங்கல்

சென்ற இதழில், மகன் படிக்கும் சீனாவின் நான்ஜிங் நகரத்துக்குப் போய் அங்குள்ள பழைய மதிலைப் பார்த்துவிட்டு வந்ததை நாலு வரியில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை மதிலுக்கே இடம் கொடுக்கிறேன்.

அண்ணாச்சி, மகள் ஷாங்காயில் இருக்கிறாள். ஏப்ரலில் போகிறேன். சீனா போனால் பெருஞ்சுவரைத்தான் பார்க்கணும் என்கிறார்கள். நீங்கள் நகர மதிலைப் புகழ்கிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

டீச்சர், பெருஞ்சுவரையும் பாருங்கள். ஆனால் அதற்கு பெய்ஜிங் பக்கம் போக வேண்டும். நான்ஜிங் என்றால் ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். காலையில் போய் ராத்திரி மகள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

என்ன இருக்கிறது என்று கேட்டால், செங்கல் இருக்கிறது என்பேன். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஜூ யுவான்ஜாங் 1366-இல், பட்டத்துக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, மதில் வேலையைத் தொடங்கிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் நடந்த வேலை. மொத்தச் சுற்று 35 கிலோமீட்டர். இன்றைக்கும் 25 கிலோமீட்டர் நிற்கிறது. இத்தனைக்கும் வேண்டிய செங்கல்லை ஒரே இடத்தில் சுட முடியுமா? யாங்சே ஆற்றுப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் உத்தரவு போனது. அங்கங்கே சூளை போட்டுச் சுட்டு, படகில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு கல் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 10 கனம். நம்மூர்ச் செங்கல் ஐந்தைச் சேர்த்த பருமன்.

அந்தக் கல்லின் பக்கவாட்டில் எழுத்துகள் பதிந்திருக்கும். எந்தச் சீமை, பொறுப்பு அதிகாரி யார், சூளைக்காரர் யார், கல் அறுத்தவர் யார் என்று வரிசையாக இருக்கும். கல் சரியில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அரசாங்கம் பயமுறுத்தத்தான் எழுத வைத்தது. ஆனால் அறுநூறு வருஷம் கழித்து அதைப் படிக்கிறவனுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது.

தெற்கே ஜோங்ஹுவா வாயிலில், என் நெஞ்சு உயரத்தில் அப்படி ஒரு கல் இருந்தது. சாம்பல் நிறம். ஓரம் ஒரு விரற்கடை உடைந்திருந்தது. எழுத்துகள் மேலிருந்து கீழாக, கொஞ்சம் சாய்ந்து இறங்கின. மகன் செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தான். பள்ளத்தில் நிழல் விழுந்ததும் எழுத்து எழுந்து நின்றது. “இது ‘சூளைத் தொழிலாளி’ப்பா. அடுத்தது அவர் பெயர். குடும்பப் பெயர் வாங். மீதி தேய்ந்துபோச்சு” என்றான்.

என் அப்பா கொத்தனார். ஒவ்வொரு செங்கல்லையும் இன்னொன்றின் மேல் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கணீரென்று சத்தம் வந்தால்தான் வரிசையில் வைப்பார். கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் அவர் கை பட்ட வீடுகள் இன்றும் குத்துக்கல் மாதிரி நிற்கின்றன. கட்டச் சொன்னவர் பெயர் முகப்பில் காரை எழுத்தில் இருக்கிறது. அப்பாவின் பெயர் ஒரு வீட்டிலும் கிடையாது. அந்த வாங் என்ற எழுத்துக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். டீச்சர், மதில் மேலிருந்து தெரியும் ஏரியை எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கீழே நின்று கல்லைப் படியுங்கள். மகளை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசிக் கஞ்சி ஊற்றிக் கட்டினார்கள் என்கிறார்களே, நெசமா அண்ணாச்சி?
– ஒரு கட்டட மேஸ்திரி, ஆலங்குளம்

நெசம்தான் மேஸ்திரி. பசை அரிசியை வேகவைத்து, அந்தக் கஞ்சியைச் சுண்ணாம்பில் சேர்த்திருக்கிறார்கள். சீன ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-இல் எழுதியிருக்கிறார்கள். அரிசியில் உள்ள அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள்தான் காரணமாம். சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகும்போது அதன் மணிகள் பெரிசாக வளரவிடாமல் அது தடுக்கிறது. மணி சிறுத்தால் நெருக்கமாக உட்காரும், காரை கெட்டிப்படும், தண்ணீர் எளிதில் இறங்காது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டுதான் ஞாபகம் வந்தது. பெரிய மண்பானையில் இடித்த கடுக்காயும் உடன்குடிக் கருப்பட்டியும் ஊறும். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் இனிப்பும் துவர்ப்புமாக ஒரு வாசம் வரும். அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் அப்பா சுண்ணாம்பு அரைக்கச் சொல்வார். அவர்கள் வயலில் விளைந்ததை அவர்கள் போட்டார்கள், நம் பனையில் இறங்கியதை நாம் போட்டோம். உங்களுக்குத் தெரிந்த பழைய காரைப் பக்குவம் ஏதாவது இருந்தால், அளவோடு எழுதி அனுப்புங்கள். பிரசுரிக்கிறேன்.

மதில் மேலேயே சைக்கிள் ஓட்டலாமாமே?
– கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்

தம்பி, அது சியான் நகரம். அங்கே மதில் சுற்று முழுசாக இருக்கிறது: 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேலே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அகலம் 12 மீட்டருக்குக் குறையாது என்பதால் தாராளமாக ஓட்டலாம். அதுவும் மிங் காலத்துக் கட்டுமானம்தான். உள்ளே இடித்து இறுக்கிய மண். செங்கல் போர்வை 1568-இல்தான் போட்டார்கள்.

நம் சீமையில் கோட்டைகளைக் காப்பாற்ற முடியவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் வரவில்லையா?
– ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம்

வந்தது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிந்து கிடந்த மண்கோட்டையை ஆட்களைத் திரட்டிச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார். மே மாதம் வெள்ளைக்காரன் அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கினான். இன்று நாம் பார்ப்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை.

ஆனால் நான்ஜிங் மதிலும் தானாகத் தப்பிக்கவில்லை. 1950-களில் அதை அவர்களே இடித்தார்கள். சாலை வேண்டும், செங்கல் வேண்டும் என்றார்கள். ஜூ ஷியே என்ற அறிஞர், மாகாணப் பண்பாட்டுத் துறையில் பதவியில் இருந்தவர், 1956-இல் பத்திரிகையில் எழுதி எதிர்த்தார். ஜோங்ஹுவா வாயில் நிலைத்தது. மறுவருஷம் அவருக்கு ‘வலதுசாரி’, அதாவது கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரி, என்று முத்திரை குத்திப் பதவியைப் பறித்தார்கள். 1968-இல், மாவோ நடத்திய கலாச்சாரப் புரட்சியின் கொடுமையில் உயிரை விட்டார். அந்த வாயிலில் மூவாயிரம் வீரர்கள் ஒளிந்திருக்கக்கூடிய 27 குகை அறைகளையும் வியந்து வியந்து பார்க்கிறோம். பார்க்கிறவர்கள் இந்த மனிதரையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும்.

முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம். போகலாமா?
– ஒரு வாசகி, வள்ளியூர்

தாராளமாகப் போகலாம் அக்கா. ஜோங்ஹுவா வாயிலின் இரண்டு பக்கமும் அந்தக் காலத்தில் குதிரை ஏறிய அகலமான சரிவு உண்டு. படியை விட்டுவிட்டு அதில் மெதுவாக ஏறுங்கள். சாப்பாட்டுக்கு, ஷுவான்வு ஏரி பக்கம் மதிலை ஒட்டியே ஜிமிங் என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அங்கே சைவச் சாப்பாட்டுக்கடை உண்டு, நூடுல்ஸ் சூடாகக் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் நம் ஊருக்குச் சளைத்ததில்லை, கூடவே புழுக்கம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

ஞாபகார்த்தமாக ஒரு செங்கல் துண்டாவது எடுத்து வந்தீர்களா?
– எட்டாம் வகுப்பு மாணவன், திசையன்விளை

இல்லை தம்பி, எடுக்கக் கூடாது. அங்கே நடப்பது நேர்மாறு. மதிலை இடித்தபோது ஊர்க்காரர்கள் எடுத்துப்போன கல்லெல்லாம் வீட்டுச் சுவரிலும் முற்றத்திலும் கிடந்தது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று நகர நிர்வாகத்தார் கேட்டார்கள். வீடு இடிக்கும்போதும் குப்பையைக் கிளறும்போதும் பெயர் பதித்த கல் அகப்பட்டால், ஜனங்கள் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்து, மதிலைப் பழுதுபார்க்கவும் எடுத்துக்கொள்கிறார்கள்.