கடைசி ஷோ முடிந்த பிறகு: பள்ளி மியூசிக்கல் பற்றிக் கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் பதினொரு வருடமாக உயர்நிலைப் பள்ளி மியூசிக்கல்களுக்கு, அதாவது பாட்டும் நடனமுமாகப் போடும் நாடகங்களுக்கு, கீபோர்டு வாசிக்கிறேன். மேடைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பிட்தான் என் இடம். என் மகனும் பன்னிரண்டாம் வகுப்பில் மேடையேறி, அடுத்த மாதம் முழுக்க வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன். மார்ச், ஏப்ரல் ஷோக்கள் முடிந்த கையோடு கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை கடைசி ஷோ. திங்கள்லேர்ந்து எதுவுமே பிடிக்கல. கிளாஸ்ல உக்காந்தா அழுகை வருது. எனக்கு ஏதாவது பிரச்சினையா? (சீனியர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

இல்லம்மா. நாடகக்காரர்கள் இதை 'போஸ்ட் ஷோ ப்ளூஸ்' என்பார்கள். பெயர் வைக்கும் அளவுக்கு எல்லாருக்கும் வருவது.

யோசித்துப் பார். ஜனவரியிலிருந்து தினமும் பள்ளி விட்டதும் ஒத்திகை, லைட், சவுண்டு எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கடைசி டெக் வாரத்தில் இரவு ஒன்பது, பத்து மணி வரை. அதே நாற்பது பேர், அதே பீட்சா, அதே சண்டை. ஞாயிறு மதியம் கடைசியாக வணங்கிவிட்டு வந்தால் உடனே ஸ்ட்ரைக், அதாவது செட்டைப் பிரிக்கும் வேலை. கண் மை கூடக் கலைக்காமல் ஆளுக்கொரு ட்ரில்லை எடுத்துக்கொண்டு, நீங்கள் கட்டிய வீட்டை நீங்களே பிரிக்கிறீர்கள். இரண்டு மணி நேரத்தில் வெறும் கறுப்புத் தரை. அதில் நீங்கள் நிற்கவேண்டிய இடங்களுக்கு ஒட்டிய கலர் டேப் மட்டும் அங்கங்கே. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வாசலைப் பார்த்திருக்கிறாயா? அதே கதைதான்.

கைதட்டலுக்கு ஏங்குகிறாய் என்று வீட்டில் நினைப்பார்கள். நான் பார்த்தவரை அது இல்லை. என் மகன் செவ்வாய்க்கிழமை வந்து பையைப் போட்டுவிட்டு, "அம்மா, மணி மூணுதான் ஆகுது" என்றான். மூன்று மணிக்குப் போக இடமில்லை, அவ்வளவுதான் அவன் துக்கம். அதனால் முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு சாயங்காலமாவது அந்தக் கூட்டத்தோடு இரு. நாலு பேர் சேர்ந்து டைனரில் உட்காருங்கள், பாட்டைத் திரும்பப் பாடி அடுத்த மேஜைக்காரரிடம் திட்டு வாங்குங்கள். தானாகத் தணியும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு வாரக்கணக்கில் இழுத்தால் பள்ளி கவுன்சலரைப் பார். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நிமிஷம் காத்திருக்காதே. 988 என்ற நெருக்கடி உதவி எண்ணுக்குப் போன் செய், வீட்டில் யாரையாவது எழுப்பு.

மூன்று மாதம் பொண்ணு இதிலேயே கிடந்தாள். காலேஜ் அட்மிஷனுக்கு இதனால் என்ன பிரயோஜனம்? (எடிசனிலிருந்து ஒரு அப்பா)

இந்த ஷோவால் ஒன்றுமில்லை சார். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்திலேயே போய்விட்டன. ஷோ நடந்தபோது கல்லூரிகள் முடிவையே எழுதிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்கள் பெண் எந்தப் பலனும் கணக்குப் பார்க்காமல் செய்த ஒரே வேலை இதுவாகக்கூட இருக்கலாம். கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள்.

ஆனால் இனிமேல் கவனம் வேண்டும். மே 1க்குள் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், மே முதல் இரண்டு வாரம் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) தேர்வுகள். கடைசி மதிப்பெண் பட்டியலும் கல்லூரிக்குப் போகும். தலைகீழாகச் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

நான்தான் லீட் ரோல். எல்லாரும் ப்ராட்வே போன்னு சொல்றாங்க. இப்போ மியூசிக்கல் தியேட்டர் மேஜர் எடுக்க முடியுமா ஆன்ட்டி? ஜிம்மி விருதுக்கு அப்ளை பண்ணலாமா? (சீனியர் மாணவன்)

இந்த வருடத்துக்கு ரயில் போய்விட்டது தம்பி. பிஎஃப்ஏ எனும் கலைப் பட்டப் படிப்புக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே ப்ரீஸ்கிரீன் வீடியோ, அதாவது முதல் வடிகட்டலுக்கான வீடியோ, அனுப்ப வேண்டும். அதில் தேறியவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் நேர்முக ஆடிஷன். யுனிஃபைட்ஸ் என்று நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடிப் பார்க்கும். பெரும்பாலும் பாட்டில் 16 அல்லது 32 பார் (தாளக் கட்டம்) மட்டும். மிச்சிகன், கார்னகி மெலன் மாதிரியான இடங்களில் ஒரு வகுப்பில் எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். உன்னைப் போல லீட் ஆடிய பிள்ளை ஊருக்கு ஒன்று இருக்கும், அவர்கள் எல்லாரும் அதே வரிசையில் நிற்பார்கள்.

ஜிம்மி விருது பற்றியும் கேட்டிருந்தாய். உயர்நிலைப் பள்ளி மியூசிக்கல் நடிகர்களுக்கான தேசிய விருது அது. 2009இல் தொடங்கியது, ஜூனில் நியூயார்க்கில் நடக்கும். நேராக விண்ணப்பிக்க முடியாது. வட்டாரப் போட்டி வழியாகத்தான் போகவேண்டும். இங்கே மில்பர்னில் உள்ள பேப்பர் மில் பிளேஹவுஸ் நாடக அரங்கின் ரைசிங் ஸ்டார் விருதுகள் அந்த வழிகளில் ஒன்று. மதிப்பீட்டாளர்கள் பள்ளிக்கே வந்து ஷோவைப் பார்ப்பார்கள், ஆகவே உன் பள்ளி முன்பே பதிந்திருக்க வேண்டும். 2018இல் ஜிம்மி வென்ற ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மன், ரெனே ராப் இருவருமே 2019இல் ப்ராட்வே மேடை ஏறினார்கள், ஃபெல்ட்மனுக்கு அப்போது வயது 16. இந்தக் கதையை எல்லா டைரக்டர்களும் சொல்வார்கள். மற்ற வருடங்களின் கதையைச் சொல்லமாட்டார்கள்.

நிஜமாகவே வேண்டுமென்றால் ஒரு வருடம் இடைவெளி எடு, குரலுக்கும் நடனத்துக்கும் ஆசிரியர் பிடி, அக்டோபரில் வீடியோ அனுப்பு. அந்த ஒரு வருடத்தை நினைத்தாலே அலுப்பாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அக்கா, பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு. இனிமே மேடையே கிடையாதான்னு கேட்டு அழறா. (ஒரு அம்மா)

கிடைக்கும்மா. மேஜர் எதுவானாலும் சேரக்கூடிய மாணவர் குழுக்கள் நிறைய உண்டு. பிரின்ஸ்டனின் ட்ரையாங்கிள் கிளப் 1891இலிருந்து மாணவர்களே எழுதி நடிக்கும் மியூசிக்கல் போடுகிறது. வாத்தியமில்லாமல் வாயாலேயே எல்லாம் செய்யும் அக்கபெல்லா குழுக்கள் பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் தொடங்கிய பென் மசாலா இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் கலந்து பாடியே பேர் வாங்கியது. பல இடங்களில் ஆடிஷன் கல்லூரி திறந்த முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். அதனால் ஆகஸ்டில் பெட்டி கட்டும்போதே இரண்டு பாட்டு தயாராக இருக்கட்டும்.

ஷோ முழுசையும் போனில் எடுத்தேன். ஊரில் தாத்தா பாட்டி பார்க்க யூடியூபில் போடலாமா?

வேண்டாம். பள்ளி அந்த நாடகத்தை உரிமக் கட்டணம் கொடுத்து வாடகைக்கு எடுத்தது. மேடையில் போடத்தான் உரிமை. படம் பிடிக்கத் தனி அனுமதி வேண்டும், இணையத்தில் போடுவது அதைவிடக் கண்டிப்பு. மாட்டினால் மாட்டுவது பள்ளி. எங்கள் இசைப் புத்தகங்கள்கூட வாடகைதான். கடைசி ஷோ முடிந்த வாரம் பிட்டில் எல்லாரும் ரப்பரோடு உட்கார்ந்து, 'இங்கே மெதுவா', 'அவளுக்காகக் காத்திரு' என்று பென்சிலில் கிறுக்கியதையெல்லாம் அழிப்போம். மடியெல்லாம் ரப்பர் தூள். அழிக்காமல் திருப்பி அனுப்பினால் அபராதம் விழும்.

தாத்தா பாட்டிக்கு வீடியோ காலில் அவளையே பாடச் சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

குரல் இன்னும் கரகரன்னு இருக்கு. பாட்டு டீச்சர் திட்டுறாங்க.

தண்ணீர், தூக்கம், பேச்சைக் குறை. கிசுகிசுப்பதும் குரலுக்கு ஓய்வில்லை, அதையும் விடு. நான்கு வாரம் தாண்டியும் சரியாகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்த்தே ஆகவேண்டும். அதுவரை டீச்சரிடம் தாளம் மட்டும் போடுகிறேன் என்று சொல்லிப் பார்.

கன்னத்தில் மைக் டேப் பசை போகவே மாட்டேங்குது!

தேங்காய் எண்ணெய். பாட்டி இதற்கும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

நான் லைட் போர்டு ஆபரேட்டர். ஷோ முடிஞ்சதும் அப்பா "நீ எங்கடா இருந்தே, காணவே இல்லையே"ன்னு கேட்டார். நாலு வருஷம் மேடைக்குப் பின்னாடி வேலை செய்யற க்ரூல இருந்தேன். நடிச்சவங்களுக்கு எல்லாம் பூங்கொத்து. எனக்கு இதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. (சீனியர்)

என்னிடம் சொல்லலாம் தம்பி. என்னையும் யாரும் பார்ப்பதில்லை.

உன் அப்பா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்குத் தெரியாது. அடுத்த வாரம் டைரக்டரிடம் கேட்டு அவரைப் பள்ளிக்கு அழைத்துப் போ. கன்ட்ரோல் பூத்தில் உன் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே ஒரு க்யூவை, அதாவது ஒரு லைட் மாற்றத்தை, ஓட்டிக்காட்டு. நடுக் காட்சியில் பகல் மெல்ல இரவாகுமே, அந்த மாதிரி ஒன்று. விரலை எந்த நொடியில் வைத்தாய், மேலே என்ன நடந்தது என்று அவரே பார்க்கட்டும்.

இன்னொன்று. உங்கள் பள்ளியில் தெஸ்பியன் சொசைட்டி (நாடக மாணவர்களைக் கௌரவிக்கும் சங்கம்) கிளை இருந்தால் க்ரூ வேலைக்கும் நடிப்பைப் போலவே புள்ளி உண்டு. நாலு வருடக் கணக்கை டைரக்டரிடம் சரிபார். பட்டமளிப்பு நாளில் கழுத்தில் அவர்கள் தரும் கௌரவக் கயிறு தொங்கினால் அப்பாவே கேட்பார், இது எதற்கு என்று.

அப்புறம், மேடைக்குப் பின்சுவரில் சீனியர்கள் பெயர் எழுதும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருக்கிறதா? நடித்தவர்கள் ஸ்ட்ரைக் அன்றே எழுதியிருப்பார்கள். நீ அப்போது ஏணி மேல் லைட் கழற்றிக்கொண்டிருந்திருப்பாய். ஜூனுக்குள் போய் எழுதிவிடு. பிரஷ் எங்கே இருக்கிறதென்று உனக்குத்தானே தெரியும்.