ரப்பர் கொட்டையும் கிராணியோட புத்தகமும்

அண்ணா வணக்கம். உயிரே தற்செயலா வந்ததுதான்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. அப்போ நல்லது கெட்டதுங்கிறதும் அவங்கவங்க இஷ்டம்தானே, தே தாரிக் டீயில சீனி கூட, குறைய போடுற மாதிரி? ஒருத்தர் சொல்றது சரி, இன்னொருத்தர் சொல்றது தப்புன்னு எப்படி சொல்ல முடியும்?
- வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

தம்பி, நானும் அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பொறந்தவன்தான். சீசன்ல ரப்பர் கொட்டை டப்புன்னு வெடிச்சு லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) தகரத்துல விழுமே, எங்க விழும்னு எவனாலயும் சொல்ல முடியாது, ஆனா ஈர மண்ணுல விழுந்தது முளைக்கிறதுக்கு காரணம் இருக்கு. உயிர் வந்ததும் இப்படி ரெண்டும் கலந்துதான்னு நான் நினைக்கிறேன். ஸ்டான்லி மில்லர்ங்கிற அமெரிக்க வேதியியலாளர் 1953ல வெளியிட்ட சோதனையில மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவிக்குள்ள மின்பொறி விட்டதும் அமினோ அமிலம் கிடைச்சுது. அது உயிர் இல்ல, வெறும் செங்கல், வீடு கட்டுற கதை இன்னும் முடியல.

சரி, தற்செயல்னே வச்சுக்குவோம். 1876ல விக்ஹாம்ங்கிற ஆங்கிலேயர் பிரேசில்லேர்ந்து 70,000 ரப்பர் கொட்டை கொண்டு போனாரு, லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சது கிட்டத்தட்ட 2,700தான், அந்த வழியில வந்த கன்னுல கொஞ்சம் அடுத்த வருஷம் நம்ம கோலகங்சார்ல நட்டாங்க, ஒரு மரம் இன்னும் நிக்குது. அந்தக் கொட்டை முளைக்கலன்னா நம்ம தாத்தா பாட்டி கப்பலே ஏறியிருக்க மாட்டாங்க. நாம இங்க இருக்குறதே அப்படித்தான்.

ஆனா எங்க பாட்டி ரப்பர் பால் வாளிய தூக்கிட்டு ஸ்டோருக்கு வந்தா தராசு 32 ராத்தல் காட்டும், தோட்டத்து கணக்கப்பிள்ளை, கிராணின்னு சொல்லுவோம், 29னு எழுதுவாரு, எழுதுறப்போ இடது கைய வளைச்சு புத்தகத்த மறைச்சுக்குவாரு, சின்னப் பையனா பக்கத்துல நின்னு அந்தக் கையதான் பாத்துக்கிட்டே இருப்பேன். இஷ்டம்னா எதுக்கு மறைக்கணும்? சீனி போடுறப்போ யாராவது கைய வச்சு மறைப்பாங்களா?

'இப்படி இருக்கு'ங்கிறதுலேர்ந்து 'இப்படி இருக்கணும்'னு நேரா தாண்ட முடியாதுன்னு ஹ்யூம்ங்கிற ஸ்காட்லாந்து தத்துவவாதி சொன்னதத்தான் உங்க பக்கத்துக்காரங்க எடுத்துக்காட்டுவாங்க. அந்தக் கத்தி ரெண்டு பக்கமும் வெட்டும் தம்பி, உயிர் தற்செயல்ங்கிறதுலேர்ந்து 'அப்போ எல்லாம் இஷ்டம்'ங்கிறதுக்கும் தாண்ட முடியாது.

நியாயம் வானத்துல எழுதியிருக்குன்னு நான் சொல்ல வரல. வலிக்கிற ஆளே இல்லாத உலகத்துல அது இருக்காதுன்னுதான் தோணுது. ஆனா பாட்டியோட முதுகுவலி கிராணி இஷ்டத்துல இல்லயே.

கஷ்டமான கேசும் இருக்கு, இல்லன்னு சொல்லல. தோட்டத்த வித்தா லயத்துல இருக்குறவங்களுக்கு எவ்ளோ குடுக்கிறது நியாயம்னு கேட்டீங்கன்னா நீங்களும் நானும் விடிய விடிய சண்டை போடலாம், ஆனா அப்பவும் ஆளுக்கொரு காரணம் சொல்லித்தான் போடுவோம்.