தன் தோற்றமே பிடிக்காதவர்கள் ஏன் குடிக்கு அடிமையாகிறார்கள்?

சந்தோஷத்துக்காகக் குடிக்கிறார்கள் என்று நினைத்தால் தப்பு. பெரும்பாலும் நாலு பேர் முன்னால் போய் நிற்கத்தான் குடிக்கிறார்கள்.

என் கல்லூரி நண்பன் ஒருவனுக்குத் தன் மூக்கு கோணல் என்று எண்ணம். எங்கள் யார் கண்ணுக்கும் அது தெரிந்ததில்லை, சொன்னாலும் நம்ப மாட்டான். டீக்கடைக்குப் போகும் வழியில் நிறுத்தியிருக்கிற பைக் கண்ணாடியில் குனிந்து பார்ப்பான், அப்புறம் ஃபோன் கேமராவில் பார்ப்பான், அப்புறம் ஒரு பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி சுவரோரமாக உட்காருவான். ரிசப்ஷன் என்றால் மண்டபத்துக்குள் நுழையும் முன் ஒரு குவார்ட்டர் உள்ளே போயாக வேண்டும். "போட்டோவுக்கு நிக்கணுமேடா" என்பான்.

இதற்கு பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று பெயர். அழகு மேல் உள்ள ஆசை இல்லை இது. மனநோய்களை வகைப்படுத்த டாக்டர்கள் பயன்படுத்துகிற, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு இதை ஓசிடியோடு, அதாவது வேண்டாத எண்ணமும் செய்கையும் திரும்பத் திரும்ப வருகிற நோயோடு, சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. ஒரே எண்ணம் மணிக்கணக்கில் மண்டைக்குள் ஓடும், பார்க்கிறவர்கள் எல்லாரும் அதையேதான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். மூளையில் பதற்றத்தை அடக்குகிற காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டிவிடுவதால் கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் அடங்குகிறது. போதை இறங்கினதும் பதற்றம் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும், கூடவே காலையில் கண்ணாடியில் உப்பின முகம் வேறு.

கேத்தரின் ஃபிலிப்ஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் பாதிப்பு உள்ள 176 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டதில், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது மது அல்லது வேறு போதைப் பழக்கம் நோயாகவே முற்றியிருந்தது. அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பேர், தோற்றம் பற்றிய வேதனையும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள்.

எனக்கு இதில் பெரிய சிக்கலாகத் தெரிவது இன்னொன்று. குடிக்காமல் ஒரு கல்யாணத்துக்குப் போய், யாரும் மூக்கைப் பார்க்கவில்லை என்று நேரில் கண்டால்தான் பயம் கொஞ்சம் கொஞ்சமாக விடும், எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பழகி மாற்றுகிற சிபிடி சிகிச்சையில் செய்ய வைப்பதும் ஏறக்குறைய இதைத்தான். போட்டுவிட்டுப் போனால், எல்லாம் நல்லபடியாக முடிந்த பேர் குவார்ட்டருக்குப் போய்விடும். அடுத்த கல்யாணத்துக்கும் அது வேண்டும்.

மறுவாழ்வு மையத்தில் சேர்த்தாலும் இவர்கள் குடியைப் பற்றித்தான் பேசுவார்கள், மூக்கைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், வெட்கம். அதனால் கூடப் போகிறவர் டாக்டரிடம் கண்ணாடி விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம், குடித்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.