மெகாபோடின் மணல்மேடு – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிரேட் நிக்கோபார் துறைமுகம் பற்றிய உங்கள் கட்டுரையில் மெகாபோட் பறவைக்காக மிகவும் வருந்தியிருந்தீர்கள். பறவைக்கு இறக்கை இருக்கிறதே, ஒரு கரை போனால் வேறு கரைக்கோ காட்டுக்குள்ளோ போய்க் கூடு கட்டிக்கொள்ளாதா?

வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மரத்தில் கூடு கட்டும் பறவையாக இருந்தால் நீங்கள் சொல்வதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். மெகாபோட் அடைகாப்பதே இல்லை. கோழி அளவில் பழுப்பு நிறத்தில் இருக்கும். ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் மறைந்துவிடும். நிக்கோபார் மெகாபோட் என்ற இந்த இனம் நிக்கோபார் தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. வலுவான கால்களால் மணலையும் சருகையும் கிளறிச் சேர்த்துப் பெரிய மேடு போட்டு, அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மக்கும் சூட்டில்தான் முட்டை பொரிய வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அப்புறம் குஞ்சு தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே வந்து காட்டுக்குள் ஓடிவிடும். தாயும் தகப்பனும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இன்றும் ஆச்சரியம் தீராத பிறப்பு இது.

அந்த மேட்டுக்கு இளகிய மணல் வேண்டும், பக்கத்திலேயே சருகு உதிர்க்கும் காடும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது கடலை ஒட்டிய ஒடுக்கமான பகுதியில்தான். பெரும்பாலான மேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஒரே மேட்டைப் பல வருடங்கள் பயன்படுத்தும்.

கரை போனால் என்ன ஆகும் என்பதை 2004 சுனாமியில் பார்த்துவிட்டோம். இந்தப் பறவையின் பெயரிலேயே இருந்த மெகாபோட் தீவு கடலுக்குள் போனது. 1990களில் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் எடுத்த கணக்கோடு, சுனாமிக்குப் பிறகு 2006இல் எடுத்ததை ஒப்பிட்டால், இனப்பெருக்கம் செய்யும் ஜோடிகள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தன. அந்த அடியிலிருந்து மீள வேண்டிய பறவையிடம்தான் இன்னொரு கரையையும் கேட்கிறோம். துறைமுகத்துக்காக கிரேட் நிக்கோபார் கரையிலுள்ள கலத்தியா விரிகுடா சரணாலயத்தின் பாதுகாப்பு 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மெஞ்சால் என்ற குட்டித் தீவை மெகாபோட் சரணாலயமாக்கும் திட்டம் 2022இல் வந்தது. பரப்பு 1.3 சதுர கிலோமீட்டர்தான். அந்தத் தீவு நிக்கோபாரி மக்களின் பாரம்பரிய உரிமையில் இருப்பது. தங்களைக் கேட்காமல் முடிவெடுத்ததாக அவர்களின் பழங்குடி மன்றம் ஆட்சேபம் தெரிவித்தது. பறவைக்கு மாற்று இடம் தேடும்போதுகூட, அந்தப் பறவையோடு காலங்காலமாக வாழ்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.