புண்ணு ஆறிடுச்சு, வலி மட்டும் ஏன் ஆறல? அக்கிக்கு அப்புறம் வர்ற நரம்பு வலி பத்தி ஒரு மகளுக்கு பதில்

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன்மா. மத்தவங்களுக்கும் புரியணும்னு சுருக்கமா சொல்லிடறேன். அம்மாவுக்கு 68 வயசு, 9 வருஷமா சுகர். போன வருஷம் ஆடி மாசம் வலது மார்புக்கு கீழ ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் பட்டையா அக்கி வந்துருக்கு, மூணு நாள் குயவர் வீட்டுல போய் காவி எழுதிட்டு வந்தீங்க, ஆறாவது நாள்தான் டாக்டர பாத்தீங்க. ஒரு மாசத்துல பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிடுச்சு. ஆனா 14 மாசம் ஆகியும் அந்த இடம் மொளகா அரைச்சு பூசின மாதிரி எரியுது, ரவிக்கை போட முடியல, ஃபேன் போட விடமாட்டேங்கறாங்க, ராத்திரி தூக்கம் இல்ல. ஒரு டாக்டர் ப்ரீகாபலின் குடுத்தாரு, நாலு நாள் போட்டதுல தலை சுத்தி பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, அதோட நிறுத்திட்டீங்க. அண்ணி "தோல்ல ஒண்ணுமே இல்லையே, உன்ன பக்கத்துலயே வச்சுக்க நடிக்கிறாங்க"ன்னு சொல்றாங்க. நீங்க ஜவுளிக்கடை வேலைய விட்டுட்டு வந்து பாத்துக்கறீங்க. "இது எப்பவாவது சரியாகுமா, நான் எத்தன வருஷம் இப்படி இருக்கணும், போன வாரம் அம்மாவ கத்திட்டேன், ரொம்ப குத்த உணர்ச்சியா இருக்கு"ன்னு முடிச்சிருக்கீங்க.

அம்மா நடிக்கல. இத நான் எந்த சந்தேகமும் இல்லாம சொல்றேன், அண்ணிகிட்ட இந்த பதில அப்படியே காட்டுங்க.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு வயசான அம்மா ஓபிக்கு வந்தாங்க. உக்காந்திருந்த நேரம் பூரா ரெண்டு விரலால ரவிக்கையோட ஓரத்த உடம்புல படாம தூக்கி பிடிச்சுகிட்டே இருந்தாங்க. நான் அத பாத்தேன், ஆனா அது என்னன்னு எனக்கு புரியல. தோல்ல பழைய தழும்பு தவிர ஒண்ணும் இல்ல, ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு "வயசானா அப்படித்தான் இருக்கும்மா"ன்னு அனுப்பிட்டேன். மூணாவது தடவ வந்தப்ப என் சீனியர் ஒரு துளி பஞ்ச எடுத்து அந்த தழும்பு மேல சும்மா ஒரு இழுப்பு இழுத்தாரு, அந்தம்மா அப்படியே சுருண்டு போயிட்டாங்க, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. பஞ்சு பட்டா யாருக்காவது வலிக்குமா? அவங்களுக்கு வலிச்சுது. அந்த ரெண்டு விரல் இன்னிக்கும் என் கண்ணுல நிக்குது, அவங்ககிட்ட நான் சொன்ன வார்த்தையும்தான்.

உள்ள என்ன நடக்குதுன்னா, அம்மாவுக்கு சின்ன வயசுல சின்னம்மை வந்திருக்கும், அப்ப உடம்பு பூரா போன அந்த வைரஸ் முழுசா வெளிய போகல. முதுகெலும்பு பக்கத்துல நரம்போட வேர் இருக்கற எடத்துல போய் அம்பது அறுபது வருஷம் சத்தமில்லாம படுத்து கிடக்கும். வயசு ஏறி, சுகரும் சேந்து எதிர்ப்பு சக்தி கொஞ்சம் இறங்கறப்ப அது முழிச்சு ஒரே ஒரு நரம்பு வழியா தோலுக்கு வரும். அதனாலதான் அக்கி ஒரு பக்கமா பட்டை மாதிரி வருது, பெரும்பாலும் நடுக்கோட்ட தாண்டாது. வர்ற வழியில அந்த நரம்ப புண்ணாக்கிட்டு வருது. தோல் ஒரு மாசத்துல ஆறிடும், நரம்பு அவ்வளவு சுலபமா ஆறாது. புண்ணான நரம்பு யாரும் தொடாமலே தானா சிக்னல் அனுப்பிகிட்டே இருக்கும், அத கேட்டு கேட்டு தண்டுவடமும் ரேடியோ வால்யூம ஏத்தி வச்ச மாதிரி ஆயிடும், அப்புறம் ஃபேன் காத்து பட்டா கூட மூளைக்கு அது நெருப்பு பட்ட செய்தியாத்தான் போகும். மூணு மாசம் தாண்டியும் இந்த வலி இருந்தா அத அக்கிக்கு பின்னான நரம்பு வலின்னு தனி நோயாவே நாங்க எடுத்துக்கறோம்.

காவி எழுத போனதுக்காக உங்கள நீங்களே திட்டிக்கறத நிறுத்துங்க. அக்கி வந்து 72 மணி நேரத்துக்குள்ள வைரஸ் மாத்திரை ஆரம்பிச்சிருந்தா கொப்புளம் சீக்கிரம் ஆறியிருக்கும், அப்ப இருந்த வலியும் கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும், அதனால இனி யாருக்கு வந்தாலும் மொத நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. கண்ணு பக்கமோ மூக்கு நுனியிலயோ வந்தா அன்னிக்கே கண் டாக்டர பாக்கணும், பார்வைக்கு ஆபத்து. ஆனா அந்த மாத்திரைய நேரத்துக்கு போட்டிருந்தா இந்த நீண்ட நாள் வலி வந்தே இருக்காதுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, சரியா மாத்திரை போட்டவங்களுக்கும் வருது. அம்மாவோட வயசுதான் இதுல பெரிய காரணம்.

பக்கத்து வீட்டுல பேரப்பிள்ளைய கிட்ட விடாதீங்கன்னு சொன்னதா எழுதியிருந்தீங்க. கொப்புளத்துல நீர் இருக்கற வரைக்கும்தான், அதுவும் சின்னம்மை வராதவங்களுக்குத்தான் அது பரவும். இப்ப பிள்ள பாட்டி மடியில தாராளமா படுக்கலாம், வலது பக்கம் மட்டும் இடிக்காம.

இப்ப மருந்து. மெடிக்கல்ல வாங்கி போடற வலி மாத்திரைய இன்னிக்கே நிறுத்துங்கம்மா. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வீக்கத்துல வர்ற வலிக்கு கேக்கறது, இங்க வீக்கமே இல்ல, நரம்புதான் தப்பா பேசுது, அதனால வலியும் குறையாது, ஏற்கனவே சுகர் இருக்கற கிட்னி கெடறது மட்டும்தான் மிச்சம். இந்த வலிக்கு கேக்கற மருந்துங்க வேற. ப்ரீகாபலின், காபாபென்டின் ஒரு வகை, இது வலிப்புக்கு வந்த மருந்து. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் இன்னொரு வகை, மன அழுத்தத்துக்கு வந்த மருந்து, ஆனா நரம்பு வலிக்கு அத விட ரொம்ப குறைஞ்ச டோஸ்ல குடுக்கறோம். மெடிக்கல்காரர் "இது மெண்டல் மாத்திரையாச்சே"ன்னு சொன்னா பயந்து நிறுத்திடாதீங்க, என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் அப்படித்தான் நிறுத்திட்டு வர்றாங்க.

அம்மா விழுந்ததுக்கு மருந்து தப்புன்னு அர்த்தம் இல்ல, ஆரம்பிச்ச டோஸ் அவங்களுக்கு கூட இருந்திருக்கலாம். அதே டாக்டர்கிட்ட போய் நடந்தத சொல்லி, மொதல்ல ரத்தத்துல கிரியாட்டினின் பாக்க சொல்லுங்க, ஏன்னா ப்ரீகாபலின், காபாபென்டின் ரெண்டுமே கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, கிட்னி கொஞ்சம் மந்தமா இருந்தாலே டோஸ குறைக்கணும். இருக்கறதுலயே சின்ன டோஸா, ராத்திரி படுக்கறப்ப மட்டும் ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மெதுவா ஏத்தினா பெரும்பாலானவங்க தாங்கிக்கறாங்க. அமிட்ரிப்டிலின் தர்றதா இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி எடுத்துடறது நல்லது, வாய் வறட்சி, மலச்சிக்கல், ஒண்ணுக்கு போக சிரமம் வந்தா சொல்லணும். எதுவா இருந்தாலும் நாலு நாள்ல பலன் தெரியாது, சரியான டோஸுக்கு வந்த பிறகு ரெண்டு மூணு வாரமாவது பாக்கணும். சேந்தாப்புல போட்டுகிட்டு இருந்து திடீர்னு நிறுத்தவும் கூடாது. ராத்திரி பாத்ரூம் லைட் எரியட்டும், செவுத்துல ஒரு பிடிமான கம்பி வைங்க, கட்டில்ல இருந்து சடக்குன்னு எழுந்திருக்காம கொஞ்சம் உக்காந்துட்டு எழுந்திருக்க சொல்லுங்க.

மேல தடவறதுக்கு லிக்னோகெய்ன் இருக்கு, ஒட்டற பேட்ச்சாவும் வருது, களிம்பாவும் வருது. 5 சதவீத பேட்ச்ச ஆறின தோல் மேல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் ஒட்டி மீதி 12 மணி நேரம் எடுத்துடணும், உடம்புக்குள்ள அவ்வளவா போகாது, அதனால வயசானவங்களுக்கு ரொம்ப தோதான மருந்து. பேட்ச் விலை அதிகம்தான், முடியலன்னா களிம்ப டாக்டர கேட்டு வாங்குங்க. ஹாட் பேக், சுடுதண்ணி பாட்டில் மட்டும் வைக்கவே கூடாது. ஒரு பக்கம் எரியுதுன்னு சொல்ற அதே தோல்ல சூடு சரியா தெரியாது, வெந்து போய் வந்தவங்கள பாத்திருக்கேன்.

ரவிக்கை பிரச்சனைக்கு ஒண்ணு சொல்றேன். இந்த வலியில லேசா உரசறதுதான் ரொம்ப கொடுமை, அழுத்தி பிடிக்கறது நிறைய பேருக்கு அவ்வளவு வலிக்காது. அதனால தொளதொளன்னு ஆடற துணிய விட, பல தடவ துவைச்சு மெத்துனு போன காட்டன் பனியன உடம்போட ஒட்டின மாதிரி உள்ள போட்டு அதுக்கு மேல ரவிக்கையோ நைட்டியோ போட்டு பாருங்க. தையல் இருக்கற பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி போடுங்க. ஃபேன் காத்து நேரா படாம கட்டில நகத்துங்க, ஃபேனையே நிறுத்திட்டு நீங்க ரெண்டு பேரும் புழுக்கத்துல கெடக்க வேண்டாம்.

சரியாகுமான்னு கேட்டீங்க. நிறைய பேருக்கு மாசம் போக போக தானாவே குறையுது, சிலருக்கு வருஷக்கணக்கா நிக்குது. 14 மாசம் ஆன பிறகு முழுசா போயிடும்னு நான் உறுதி குடுத்தா அது பொய். ஆனா 10க்கு 8 இருக்கற வலி 5க்கு வர்றது நடக்கக்கூடியது, 5ல தூங்க முடியும், தூங்கினா மறுநாள் அம்மா வாசல் வரைக்கும் நடப்பாங்க, பூ கட்டுவாங்க. வலி ஜீரோ ஆகணும்னு காத்திருந்தா எந்த மருந்தும் தோத்த மாதிரிதான் தெரியும், ஒவ்வொண்ணா தூக்கி போட்டுகிட்டே இருப்பீங்க. ராத்திரி அஞ்சு மணி நேரம் தூக்கம், மொத இலக்கா அத வைங்க. மருந்தும் ஆயுசுக்கும்னு இல்ல, சில மாசம் நல்லா அடங்கி இருந்தா டாக்டரே மெதுவா குறைச்சு பாப்பாரு.

இனி உங்க விஷயம். கத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க, 14 மாசமா ராத்திரி ராத்திரி முழிச்சிருக்கற யாருக்கும் அது நடக்கும். அம்மாகிட்ட போய் "கோவத்துல கத்திட்டேம்மா, உன் மேல கோவம் இல்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விடுங்க. அதவிட எனக்கு கவலையா இருக்கறது, அம்மா "நான் போயிட்டா உனக்கு நிம்மதி"ன்னு அடிக்கடி சொல்றாங்கன்னு நடுவுல ஒரு வரியில எழுதிட்டு தாண்டி போயிட்டீங்க பாருங்க, அதுதான். வயசானவங்க புலம்பல்னு விட்டுடாதீங்க. "சாகணும்னு தோணுதாம்மா, அதுக்கு ஏதாவது பண்ண நெனச்சியா"ன்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது. ஆமான்னா தனியா விடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. எப்படி இருந்தாலும் மாத்திரை டப்பா உங்க கையில இருக்கட்டும், அன்னன்னிக்கு வேண்டியத மட்டும் எடுத்து குடுங்க, அமிட்ரிப்டிலின் மொத்தமா விழுங்கினா உயிருக்கே ஆபத்து. 14416ன்னு டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண் இருக்கு, காசு இல்ல, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், அம்மாவுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்.

எத்தன வருஷம்னு கேட்டீங்களே, ஒத்த ஆளா பாத்தா ஒரு வருஷம் கூட ஓடாது. அண்ணன் மாசாமாசம் பணம் அனுப்பறாரு சரி, பணம் ராத்திரி முழிச்சிருக்காது. வாரத்துல ரெண்டு ராத்திரி அண்ணனோ அண்ணியோ அம்மா ரூம்ல படுக்கணும், அந்த ரெண்டு ராத்திரி நீங்க வேற ரூம்ல கதவ சாத்திட்டு தூங்கணும். இத சண்டையா கேக்காதீங்க, எந்த கிழமைன்னு மட்டும் கேளுங்க. ரெண்டு ராத்திரி அந்த ரூம்ல படுத்தா "நடிக்கிறாங்க"ங்கற பேச்சு தானா நின்னுடும்னு நெனைக்கறேன். அப்புறம் உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் குடுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கு வர்றது எல்லாருக்கும் தெரியும், அதுல பிசியோதெரபி பண்றவங்களும் வலி நிவாரண நர்ஸும் கூட வீட்டுக்கு வர்றாங்க, அத நெறைய பேர் கேட்டு வாங்கறதே இல்ல. பல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மயக்க மருந்து டாக்டருங்க வலி கிளினிக் நடத்தறாங்க, மாத்திரைக்கு கேக்கலன்னா நரம்ப சுத்தி போடற ஊசி மாதிரி அடுத்த வழிகளுக்கு அங்க போகலாம். கடை முதலாளிகிட்ட அரை நாள் வேலை கேட்டு பாருங்க, அம்மாவுக்கு தூக்கம் வந்த பிறகு கேட்டா போதும்.

அண்ணனுக்கு 50 தாண்டியிருந்தா அக்கிக்கு தடுப்பூசி இருக்கறத சொல்லுங்க, 2023ல இருந்து இந்தியாவுல கிடைக்குது, ரெண்டு டோஸ், விலை கூடத்தான். ஒரு தடவ அக்கி வந்தவங்களும் போட்டுக்கலாம், ஆனா இப்ப இருக்கற வலிக்கு அது மருந்து இல்ல.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு பழைய நோட்டுல ரெண்டு வாரம் எழுதுங்க, ராத்திரி எத்தன மணி நேரம் தூங்கினாங்க, வலி பத்துக்கு எத்தன, எந்த மாத்திரை எத்தன மணிக்கு, தலை சுத்துச்சா. அவ்வளவு போதும். உள்ள போனதும் நோட்ட நீங்க குடுங்க, வலி எப்படி இருக்குன்னு அவர் கேக்கறப்ப மட்டும் நீங்க பதில் சொல்லாதீங்க, அம்மாவே சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும்.